படைக்காத பாயசம்

ஐடா ஆண்ட்டி எங்கள் வீட்டுப் பாயசத்தை நான்கு வருடங்களாகச் சாப்பிடவில்லை என்பது இந்த வைகாசிப் பௌர்ணமி அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் தெரிய வாய்ப்பில்லை. ஆறு வருடம் நான் பெங்களூரில் நைட் ஷிப்ட். அமெரிக்காவில் யாரோ ஆஸ்பத்திரியில் படுத்ததற்கு இன்சூரன்ஸ் தரலாமா கூடாதா என்று இங்கே ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. பெரும்பாலும் கூடாது. ஜனவரியில் அதை விட்டுவிட்டு எங்கள் சுரங்க ஊரான ஸ்கெலட்டனுக்கே திரும்பி வந்தேன். பகலில் விழித்திருக்கப் பழகியது அதன் பிறகுதான். விழித்திருந்தால் தேவையில்லாதது நிறைய கண்ணில் படுகிறது.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். எங்களுக்கு அடுத்த வீடு ஐடா ஆண்ட்டியுடையது. அவர் சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். சுரங்கத்தை மூடியபோது வேலை போனது, ஊசி போடும் கை போகவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கி, ஊசிக்குழாயில் இருக்கும் கோடுகள் தெரியாமல் போயின. அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு ஆண்ட்டி வருவார். மருந்தை இழுத்து அம்மாவின் வயிற்றில் போடுவார். அம்மா தடவித் தடவிப் போட்டுத் தரும் காப்பியைக் குடிப்பார். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசுவார்கள். நான் வேலையை விட்டு வந்த பிறகும் ஆண்ட்டியே வந்தார். நீ ஊசி போடக் கற்றுக்கொள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா செத்த பிறகு அம்மா சத்தமாகச் சிரித்தது அந்த அரை மணி நேரத்தில் மட்டும்தான்.

நாங்கள் மூன்று தலைமுறையாகப் பௌத்தர்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. சாமி இல்லை, பூசாரி இல்லை, வேண்டுதல் இல்லை. மற்றவர்கள் நம்புகிறார்கள், நாங்கள் யோசிக்கிறோம். இப்படித்தான் அப்பா எனக்குச் சொன்னார். நானும் ஆபீஸ் காப்பி மெஷின் பக்கத்தில் நின்று பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஐடா ஆண்ட்டி முன்பு மாதா கோயிலுக்குப் போனவர். கணவர் ஆர்தர் அங்கிள் இறந்த பிறகு ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தார். காதில் இருந்ததையும் கழுத்தில் இருந்ததையும் கழற்றினார். மாதா படத்தையும் கழற்றினார். எனக்குத் தெரிந்த மாற்றம் அவ்வளவுதான்.

பௌர்ணமி அன்று காலை பக்கத்து ஊர் சாம்பியன் ரீப்ஸ் விகாரைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். சீலங்கள் என்கிற ஐந்து உறுதிமொழிகளையும் எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன். திரும்பி வந்தபோது அம்மா பாயசத்தை இறக்கியிருந்தார். புத்தருக்கு சுஜாதை என்ற பெண் பால்சோறு கொடுத்ததை நினைத்து வருடா வருடம் வைப்பது. முதல் டம்ளர் புத்தர் சிலைக்கு முன்னால் போகும். பிறகு லைனுக்கு. ஐடா ஆண்ட்டிக்கு ஒரு தூக்கு நிறையக் கொண்டு போய்க் கொடுத்தேன்.

"சந்தோஷம்பா. அம்மாகிட்ட சொல்லு," என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அரை மணி கழித்துக் கடைக்குக் கிளம்பினேன். லைனின் கடைசி வீட்டு வாசலில் பார்வதம்மா பெரிம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அதே தூக்கிலிருந்து கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் சுரங்க டோக்கன் நம்பர் ஆணியால் பொறித்த தூக்கு. தப்பாகப் பார்க்க வழியில்லை.

"இன்னா பெரிம்மா, இது எங்க தூக்காச்சே."

"ஆமாம்பா. ஐடா குடுத்துச்சு. வருசா வருசம் குடுக்கும். அதுதான் துன்னாதே." ஒரு கரண்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பாவனையில் உயர்த்திவிட்டு வாயில் போட்டார்.

"கண்ணுல எதுக்கு ஒத்திக்கிறீங்க?"

"பிரசாதம்பா."

"பிரசாதம் இல்ல பெரிம்மா. எங்களுக்குச் சாமியே இல்ல."

"சாமி இல்லாம உங்கம்மா யாருக்கு மால போடுது?"

"அது மரியாதை."

"நானும் மரியாதையாத்தான் ஒத்திக்கிறேன். உங்க புத்தரு எங்க பெருமாளோட அவதாரம்தான? எங்கூட்டு காலண்டர்லயே போட்டுகீது."

"அது நீங்களா பின்னால சேத்துக்கினது."

"சேத்துக்கினா நல்லதுதான? தள்ளி வெச்சாத்தான் தப்பு. எல்லாம் ஒன்னுதாம்பா."

எல்லாம் ஒன்று என்று சொல்பவரிடம் சண்டை போட முடியாது. அவர் ஏற்கெனவே உங்களை விழுங்கிவிட்டார். நான் கடைக்குப் போகாமல் நேராக ஐடா ஆண்ட்டி வீட்டுக்குள் போனேன்.

அவர் முறத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் மகன் ஸ்டீவன், என் கிளாஸ்மேட், டாக்ஸி ஓட்டப் போயிருந்தான்.

"ஆண்ட்டி, பாயசத்த ஏன் பெரிம்மாவுக்குக் குடுத்துட்டீங்க?"

கத்தியைக் கீழே வைத்தார். "பாத்துட்டியா," என்றார். "கொட்டலப்பா. நாலு வருசத்துல ஒரு சொட்டு கொட்டினதில்ல."

"ஏன் சாப்பிடல?"

"விக்கிரகத்துக்குப் படைச்சத நாங்க சாப்பிடக்கூடாது கௌதமா. பைபிள்ல எழுதியிருக்குது. உங்கள தப்பா நெனச்சு இல்ல."

"புத்தர் விக்கிரகம் இல்ல ஆண்ட்டி."

"அப்ப இன்னா?"

"சிலை."

"சிலைக்கும் விக்கிரகத்துக்கும் இன்னா வித்தியாசம்?"

"நாங்க அதுகிட்ட எதுவும் கேக்கறதில்ல."

"கை கூப்புறீங்கல்ல?"

"அது வணக்கம். போலீஸ்காரங்க அதிகாரிக்கு சல்யூட் அடிக்கிற மாதிரி."

"அதிகாரிக்கு முன்னால பாயசம் வெப்பாங்களா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் புத்தரையும் பார்வதம்மா வீட்டுப் பெருமாளையும் ஒரே கூடையில் போடுகிறாரே. விளக்கிச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று தோன்றியது. அதனால் சொன்னேன்:

"இந்த வருசம் வெக்கல ஆண்ட்டி. படைக்கவே இல்ல. அடுப்புலேந்து நேரா உங்களுக்குத்தான் வந்துது."

திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்தது. காலையில்தான், பொய் சொல்வதிலிருந்து விலகி இருப்பேன் என்று சீலம் எடுத்திருந்தேன். வெள்ளைச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"நெஜமாவா?"

"நெஜமா."

"நீ சொன்னா சரி," என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து வந்தேன். அம்மா படுத்திருந்தார், கேட்கவில்லை. ஆண்ட்டி கண்ணை மூடி ஜெபித்துவிட்டுக் குடித்தார். டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த முந்திரியை விரலால் எடுத்துத் தின்றார். "யசோதா கை அப்படியே கீது," என்று அம்மா கைப்பக்குவத்தைச் சொல்லி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். கொண்டு வந்தேன்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பாலும் அரிசியும் வெல்லமும். சிலைக்கு முன்னால் வைத்தால் அதில் என்ன மாறும்? எதுவும் மாறாது. மாறாத ஒன்றைப் பற்றிச் சொன்னது எப்படிப் பொய்யாகும்? அன்று மதியம் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆண்ட்டி வந்தார். ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"ரொம்ப தேங்க்ஸ் யசோதா. எனக்காக இந்த வருசம் படைக்காம வெச்சியாமே. கௌதமன் சொன்னான்."

அம்மா புடவையை விலக்கிக்கொண்டு படுத்திருந்தார். "படைக்காமலா? மொத டம்ளர் அவருக்குத்தான ஐடா. வெக்காம எப்படி..." என்று சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினார். அவர் முகம் நான் நின்ற பக்கம் திரும்பியது. அவருக்கு என் உருவம் புகை மாதிரிதான் தெரியும். ஆனால் சரியாக என்னைத்தான் பார்த்தார்.

ஆண்ட்டி ஊசியைக் குத்தினார். மருந்தை இறக்கினார். பத்து எண்ணினார். எடுத்தார். பஞ்சால் துடைத்தார். மூடியைப் போட்டு டப்பாவில் வைத்தார். அந்த வேலையில் ஒரு நூல் பிசகவில்லை. காப்பி ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது.

"வேணாம் யசோதா," என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னாடா சொன்ன அவகிட்ட?"

சொன்னேன். சிலைக்கு முன்னால் வைத்தால் அதில் எதுவும் மாறாது என்றும் சொன்னேன். அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"அவ சாப்பிடறதில்லன்னு எனக்குத் தெரியாதா? நாலு வருசமா தெரியும்."

"தெரிஞ்சே எதுக்குமா குடுக்கிற?"

"குடுக்காம வுட்டா இன்னா அர்த்தம்? நான் குடுக்கிறேன், அவ வாங்கிக்கிறா. நடுவுல நீ யாரு?"

அதற்கு அடுத்த நான்கு நாள் ஆண்ட்டி வரவில்லை. நான்தான் ஊசி போட்டேன். யூடியூபில் பார்த்துப் போட்டேன். முதல் நாள் ரத்தம் வந்தது. இரண்டாவது நாள் கட்டி மாதிரி வீங்கியது. அம்மா திட்டியிருந்தால் பதில் பேசியிருக்கலாம்.

இரண்டாவது நாள் மதியம் ஸ்டீவன் வந்தான். வாசலில் நின்றே பேசினான்.

"எங்கம்மா உபவாசம் இருக்குது. நேத்துலேந்து வெறும் தண்ணி. அறுபத்தாறு வயசு."

"பாயசம்டா அது."

"எனக்கு அது பாயசம்தான். நான் இப்பக்கூட துன்னுவேன், அம்மாகிட்ட சொல்லமாட்டேன். மேட்டர் அது இல்ல. நீ பொய் சொல்லி துன்ன வெச்ச."

"அவங்களுக்கு ஒன்னும் ஆகலயே. அது வெறும் மூடநம்பிக்கைடா."

"நீ சரக்கு தொடமாட்டல்ல? சீலம்னு சொல்லுவ. உன் ஜூஸ்ல நான் ஒரு மூடி ஊத்திட்டு, சத்தியமா ஊத்தலன்னு சொன்னா?"

"அது வேற. அது போதை. அதுல காரணம் கீது."

"ஒரு மூடிக்கு ஏறுமா?"

வாசலில் கிடந்த செருப்பை ஓரமாகத் தள்ளினேன்.

"உன்னோடதுன்னா காரணம். எங்கம்மாவோடதுன்னா மூடநம்பிக்கை. நல்லா கீதுடா உன் புத்தி," என்றான். "ரெண்டு மதத்தையும் வுடு. நீ சொன்னா சரின்னு நெனச்சாங்க பாரு, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்."

அவன் போன பிறகு, நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் வரிசையாக வந்தன. ஒரு மூடி பத்து மூடியாகும், பழக்கமாகும், சீலம் என்பது அதற்குத்தான். எல்லாமே நல்ல பதில்கள். அவனைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் நானே ஆண்ட்டி வீட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். உபவாசம் முடிந்திருந்தது.

"மன்னிச்சிருங்க ஆண்ட்டி. பொய் சொன்னது தப்பு."

பாயசத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போதும் தோன்றவில்லை.

"தெரியாம சாப்பிட்டது எம்மேல வராதுன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு," என்றார் ஆண்ட்டி. "அது உம்மேலதான் நிக்குதாம். அதனால உபவாசமே உனக்காகத்தான் இருந்தேன். உனக்காக ஜெபம் பண்ணிக்கினு கீறேன்."

"எனக்கு வேணாம் ஆண்ட்டி."

"உனக்கு வேணுமான்னு நான் கேக்கலியே."

"என்னைக் கேக்காம எனக்காக எப்படிப் பண்ணலாம்?"

"நீ என்னைக் கேட்டியா?"

கஞ்சியை ஒரு வாய் குடித்தார். அவ்வளவுதான் பேச்சு.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் பெயர் கேட்டது. கௌதமனை இருளிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும் ஆண்டவரே. என் பெயர் யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? ஞானம் பெற்றவரின் பெயரைச் சொல்லி, வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி வேண்டுகிறார். சுவரைத் தட்டி நிறுத்தச் சொல்லலாமா என்று பார்த்தேன். அம்மா, "சும்னே இரு," என்றார். அம்மாவுக்கு எரிச்சல் வந்தால் கன்னடம் வரும்.

ஐந்தாம் நாள் முதல் ஆண்ட்டி மறுபடி ஏழு மணிக்கு வந்தார். ஊசி போட்டார். காப்பியை வேண்டாம் என்றார். தினமும் அம்மா காப்பி போட்டு வைத்தார், தினமும் அது ஆறியது. ஒரு நாள் அம்மா பொறுக்க முடியாமல் கேட்டார்.

"காப்பில இன்னா ஐடா கீது? அத யாருக்குப் படைக்கப் போறேன்?"

"கோச்சுக்காத யசோதா. இந்தூட்ல எது படைச்சது எது படைக்காததுன்னு எனக்கு இனிமே எப்படித் தெரியும்? முன்னெல்லாம் நான் கேக்கமாட்டேன். அவனா வந்து சொன்னான், நம்பினேன். இப்ப கேட்டாலும் நம்ப முடியல."

ஊசிக்கு இரண்டு நிமிடம் போதும். ஆண்ட்டி அந்த இரண்டு நிமிடத்தில் போய்விடுவார். மீதி நேரம் அம்மா படுக்கையிலேயே கிடந்தார். ரேடியோ போடச் சொல்வார், போட்டால் நிறுத்தச் சொல்வார். ஆனி மாதம் முழுக்க இப்படிப் போனது. எனக்குத்தான் மூச்சு முட்டியது. ஆண்ட்டி மேல் கோபம், அவருடைய பாஸ்டர் மேல் கோபம், ஒரு டம்ளர் பாயசத்தை இவ்வளவு பெரிதாக்கிய எல்லார் மேலும் கோபம்.

ஆனி கடைசியில் ஒரு காலை, ஊசியை மூடி வைத்துக்கொண்டிருந்த ஆண்ட்டியின் கையை அம்மா பிடித்தார்.

"ஐடா, இப்படிப் பண்லாமா? ஆடிப் பௌர்ணமிக்கு மறுபடி ஒரு தடவ பாயசம் வெப்பேன். நீ வந்து அடுப்பாண்ட உக்காரு. பானைய எறக்கினதும் மொத கரண்டி உனக்கு. உன் கண்ணு முன்னாலயே. அப்பாலதான் அவருக்கு."

ஆண்ட்டி யோசித்தார். நர்ஸ் மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக.

"எனக்குக் குடுத்த அப்பாலதான் அங்க போவும்?"

"ஆமா."

"அப்ப எனக்கு வந்தது படைச்சது ஆவாது."

"எப்படி ஆவும்?"

"அது போதும் யசோதா," என்றார் ஆண்ட்டி. தானே எழுந்து போய்க் காப்பியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாசல்படியில் நின்றுகொண்டிருந்தவன் உள்ளே வந்தேன்.

"அது எப்படிமா? மொதல்ல புத்தருக்குத்தான். தாத்தா காலத்துலேந்து அப்படித்தான்."

"நீதானடா சொன்ன, வெச்சா ஒன்னும் மாறாதுன்னு? பின்னால வெச்சாலும் ஒன்னும் மாறாது."

"அதுக்காக? இவங்க குடிச்ச எச்சிலயா அவருக்கு வெப்பாங்க?"

அம்மாவின் முகம் மாறியது. ஆண்ட்டி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே வைத்திருந்தார்.

"இன்னா சொன்ன?" என்றார் அம்மா. சத்தம் மிகவும் தாழ்ந்திருந்தது. "எச்சிலா? யாரு எச்சில்டா? கரண்டியில எடுத்து ஊத்தறது எச்சிலா? இந்த வார்த்தைய யார்கிட்ட கேட்டுட்டு உங்க தாத்தா புத்தர்கிட்ட வந்தாருன்னு உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். ஆற்காட்டில் ஒரு கோயில் தெருவில், சாதி சொல்லித் தள்ளியவர்களிடம் கேட்டுவிட்டு வந்தார். விகாரை மேடையில் ஏறி நானே இதைப் பேசியிருக்கிறேன்.

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல," என்றேன்.

"வேற எந்த அர்த்தம்?"

ஆண்ட்டிதான் பேச்சை வெட்டினார். "வுடு யசோதா. புள்ளைக்குப் பக்தி. எங்க சபையிலகூட இவ்ளோ பக்தியா ஒரு பையன் இல்ல."

"பக்தி இல்ல ஆண்ட்டி," என்றேன்.

"அப்ப இன்னா?"

பொறுமையாகக் காத்திருந்தார். இந்த இரண்டாவது முறையும் அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாசல்படிக்கே திரும்பிப் போனேன். அவர் மீதிக் காப்பியைக் குடித்துவிட்டு அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா சிரித்தார். மனசே இல்லாமல் சிரித்தாலும், சிரித்தார்.

ஆடிப் பௌர்ணமி அன்று ஆண்ட்டி காலையிலேயே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கொதி வந்ததை அம்மாவுக்கு அவர்தான் சொன்னார். நான் முன்னறையில் புத்தருக்குப் பூ வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கரண்டி பானையில் இடிக்கும் சத்தம் கேட்டது. டம்ளரில் ஊற்றும் சத்தம் கேட்டது. ஆண்ட்டி ஜெபிக்கும் முணுமுணுப்பு கேட்டது. புத்தருக்கு முன்னால் இடம் காலியாக இருந்தது. காத்திருப்பது அவரா நானா என்று கேட்டால், சிலை காத்திருக்காது என்று நானே பதில் சொல்வேன்.

"கௌதமா, வந்து அவருக்கு எடுத்துக்கினு போ," என்று அம்மா கூப்பிட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிடவில்லை அவர். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, மறுகையில் டம்ளரோடு அவரே வந்தார். வரும் வழியில் கொஞ்சம் தரையில் சிந்தியது. குனிந்து இடத்தைத் தடவிப் பார்த்து, சிலைக்கு முன்னால் வைத்தார். கை கூப்பினார். பிறகு உள்ளே போய் ஆண்ட்டிக்கு இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

மதியம் எனக்கும் ஒரு கிண்ணத்தில் வந்தது. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அம்மா கிண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். வயிற்றுக்கு என்ன என்று அவர் கேட்கவில்லை.